இரண்டு விரல் ஆழம்

தம்பி,

உன் பார்சல் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கண்டக்டர் முன் சீற்றுக்குக் கீழேயிருந்து அதை இழுத்தெடுத்து, “என்னம்மா கனக்குது, இரும்புச் சாமானோ?” என்று கேட்டார். “என்ரை மகன்ரை மூச்சு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால், கடலுக்குள் நீ மூச்சு விடும் ரெகுலேட்டரோடு உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி. “அம்மா, மூச்சு இழுக்கப் பாரமாய்க் கிடக்கு. ஒரு விரலுக்கு இறக்கித் தாங்கோ. வாற மாதம் புதுச் சனத்தைக் கடலுக்குக் கீழை கூட்டிக்கொண்டு போகப் போறன்.” அவ்வளவுதான். அப்பா எப்படி என்று ஒரு வரி இல்லை. மூன்று வருடமாக நீ எழுதும் எதிலும் அந்த வரி இல்லை, அதனால் நான் தேடவும் இல்லை. உனக்கு இரண்டு வரியில் பதில் எழுதிச் சாமானைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் பதினொரு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த ரெகுலேட்டரை உன் கையில் தர எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இது நீண்ட கடிதம். ஆறுதலாக இருந்து வாசி. வாசித்த பிறகு உன்னோடு வேலை செய்யும் சுழியோடிகளுக்கும் காட்டு. அதற்காகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உனக்குக் கொஞ்சம் ஏச்சு. வாய்ப்பகுதியின் மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து அரைத் தேக்கரண்டி மணல் விழுந்தது. உன் அறை எப்படிக் கிடக்கும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ரப்பர் வளையங்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறாய். மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். தேங்காயெண்ணெய் தலைக்கும் பொரியலுக்கும். ரப்பரில் பூசினால் அது ஊதிப்போய்ப் பிசுபிசுக்கும், காற்று பாயும் இடத்தில் எந்த எண்ணெயும் கூடாது என்பதை நீ படித்துச் சான்றிதழ் எடுத்த இடத்தில் சொல்லித் தந்திருப்பார்களே? சிலிக்கன் கிறீஸ்தான் போட வேண்டும், அதுவும் விரல் நுனியில் மினுங்கும் அளவுக்கு மட்டும். எல்லா வளையத்தையும் மாற்றிவிட்டேன். பழையவற்றை ஒரு சொப்பிங் பையில் கட்டி உள்ளே வைத்திருக்கிறேன், பார்த்து வெட்கப்படு.

ரெகுலேட்டர் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிலிண்டரில் பூட்டும் தலைப்பகுதி, உள்ளே இறுகிக் கிடக்கும் காற்றை மட்டுப்படுத்திக் குழாய்க்குள் விடுகிறது. வாயில் கடிக்கும் வாய்ப்பகுதி அந்தக் காற்றை நீ இழுக்கும்போது மட்டும் தருகிறது. வாய்ப்பகுதிக்குள் ஒரு ரப்பர் தகடு, அதன் பின்னால் ஒரு சின்ன நெம்பு, நெம்பின் நுனியில் ரப்பர் முகம் வைத்த வால்வு. அந்த ரப்பர் முகத்தை ஒரு ஸ்பிரிங் பித்தளை வாயோடு அமத்திப் பிடித்திருக்கிறது. நீ மூச்சை இழுத்தால் தகடு உள்ளே வரும், நெம்பு சாயும், வால்வு திறக்கும். எவ்வளவு இறுக்கமாக அமத்திப் பிடிப்பது என்பதுதான் கேள்வி. அதை அளக்க நம் வீட்டில் எப்போதும் விரல்தான். சிலிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, கடிக்கும் பக்கம் மேலே பார்க்க, வாய்ப்பகுதியை மெல்ல மெல்லத் தண்ணீரில் இறக்க வேண்டும். ஒரு விரல் தடிப்புக்கு இறங்கியதும் சீறத் தொடங்கினால் மிகவும் இலகு. இரண்டு விரலில் சீறினால் அளவு. மூன்று விரலுக்கு மேலே போனால் ஆள் கடலுக்குள் காற்றுக்கு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குச் சோறு சமைக்கத் தெரிவதுபோல இதுவும் தெரியும் என்று நினைத்திருப்பாய். நான் உரும்பிராயில் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். தண்ணீர் இறைக்கும் மெசினின் வால்வில் தோல் வாசர் தேய்ந்தால் மாற்றுவது என் பொறுப்பு, என் விரல் மெல்லியது என்பதால். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அரியாலைக்கு வந்தபோது, அவர் ரெகுலேட்டர் ஒழுகுகிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். திறந்து பார்த்தேன். மெசின் வால்வின் சின்னத் தங்கச்சி உள்ளே இருந்தது. அடுத்த வருடம் கடலட்டைக்கும் சங்குக்கும் போகிற சுழியோடிகள் எல்லோரும் என் வாசலில் நின்றார்கள். “அக்கா கை வைச்சா மூச்சை நினைச்சாலே காத்து வருது” என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் கேளாதவள்போல வேலை செய்வேன். உள்ளுக்குள் எவ்வளவு புழுகம், எவ்வளவு சந்தோசம் என்று எனக்குத்தான் தெரியும். எல்லோரிலும் இலகுவாக வைத்துக் கொடுத்தது உன் அப்பாவுக்கு. ஒரு விரலும் இல்லை, அரை விரல். நீ இப்போது கேட்டிருப்பதைவிடவும் இலகு.

அதோடு இன்னொரு பெருமையும் இருந்தது, தண்ணீர்ப் பெருமை. நம் அரியாலைக் கிணறு உவர். அதில் ரெகுலேட்டரைக் கழுவுவது கடலில் கழுவுவதுபோல என்று சொல்லி, கிழமைக்கு ஒருமுறை உரும்பிராயிலிருந்து பிளாஸ்டிக் கானில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். என் பிறந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். குடித்தால் இனிக்கும். சுழியோடிகளிடம் அதைக்கூடச் சொல்லிக்கொள்வேன். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு மாதமும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் படிந்த வெள்ளையைக் கரண்டிக் காம்பால் சுரண்டியவள் நான். அதே வெள்ளை, ரெகுலேட்டருக்குள் போய்க் காய்ந்தால் அங்கேயும் படியும் என்று ஒருமுறையாவது நினைத்தேனா? இல்லை. நல்ல தண்ணீர் என்றால் நல்லது, அவ்வளவுதான் என் யோசனை. தண்ணீர் உள்ளே போகாமல் தலைப்பகுதியை மூடும் ரப்பர் மூடி வெடித்திருந்தது. புதியது கிடைக்கும்வரை சொப்பிங் பையைச் சுற்றி றப்பர் பாண்ட் போட்டு ஊறவைத்தேன். அதற்குள்ளே தண்ணீர் போயிருக்கிறது, காய்ந்திருக்கிறது, மறுபடி போயிருக்கிறது.

நீ ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் அது. அன்று காலை நீ பள்ளிக்கூடம் போன பிறகு அப்பாவின் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டிக் கேஜைப் பொருத்தினேன். குழாய்க்கு வரும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அந்தச் சின்னக் கேஜ், உனக்குத் தெரியும். ஊசி ஒன்பதரைக்கு வந்து நிற்க வேண்டும். நின்றது. பிறகு நடக்கத் தொடங்கியது. ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. தலைப்பகுதியின் வால்வு சரியாக மூடவில்லை, காற்று கசிந்து குழாய்க்குள் கூடிக்கொண்டு வருகிறது என்று அதற்கு அர்த்தம். இறுக்கமாக வைத்த வாய்ப்பகுதி என்றால் அந்தக் கூடுதலைக் கொஞ்சம் தாங்கும். அரை விரலுக்கு வைத்தது தாங்காது. தானாகத் திறந்து சீறும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். வாசலில் அப்பா நின்று கூப்பிட்டார்.

“இஞ்சருமப்பா, போட் வெளிக்கிடப் போகுது. கெதியாத் தாரும்.”

கேஜின் கண்ணாடியில் விரலால் தட்டினேன். வாய்ப்பகுதியின் முன்பக்கப் பட்டனை ஒருமுறை அமத்தினேன். காற்று புஸ்ஸென்று போனதும் ஊசி மறுபடி ஒன்பதரைக்கு வந்தது. கேஜ் பழசு, அதுதான் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கழற்றிக் கொடுத்தேன். நான் கண்டேன் தம்பி. காணாமல் செய்த பிழை என்றால் இந்தக் கடிதமே தேவையில்லை.

கை இரண்டையும் விரித்து அளக்கும் பாகத்தில் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், அன்றைய மூன்றாவது சிலிண்டரில், வாய்ப்பகுதி சீறத் தொடங்கி நிற்கவேயில்லை. பார்த்துக்கொண்டிருக்கச் சிலிண்டர் காலியாகிக்கொண்டு வந்தது. அவர் இடையில் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் மேலே வந்தார். நின்று நின்று வராவிட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆளை முடக்கிவிடும். போட்டில் ஏறித் தேத்தண்ணி கேட்டாராம், பகிடியும் விட்டாராம். கரைக்கு வரும்போது இடது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அழுத்த அறை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. மிச்சம் நீ கண்டது. அந்தக் கால் முழுதாகத் திரும்பி வரவில்லை.

நீ காணாதது இது. போட்காரர் ரெகுலேட்டரைக் கொண்டுவந்து தந்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தலைப்பகுதியைத் திறந்தேன். வால்வு உட்காரும் இடத்தில் வெள்ளையாக, கேத்திலில் இருப்பதுபோலவே, சொரசொரப்பாக ஒரு படை. பிறகு சுண்ணாம்பைக் கரைக்கும் வினாகிரியைக் கோப்பையில் ஊற்றி ஊறப்போட்டுக் கழுவினேன். போட்காரர் வந்து கேட்டபோது, “சாமானிலை பிழை இல்லை” என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா, “ஓட்டம் பட்டனை அமத்திப் போட்டுது போலை” என்றார். நீரோட்டம் முகத்துக்கு நேரே அடித்தால் அப்படியும் நடக்கும். நான், “ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றேன். அந்த ஒரு ‘ஓம்’ பதினொரு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு நான் சுழியோடிகளின் சாமான்களைக் கழுவ மழைத் தண்ணீர் பிடித்து வைக்கத் தொடங்கினேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா கடலை ஏசத் தொடங்கினார். கடலுக்கு ஈவிரக்கமில்லை, கடல் ஆளைப் பார்த்து அடிக்கும் என்று. நீ சுழியோடப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் அவர் எப்படிக் கத்தினார்! “என்ரை காலைத் திண்ட கடலுக்கு உன்னையும் குடுக்கவோ?” நீயும் சும்மா இருக்கவில்லை, “பயந்தாக்கொள்ளி” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாய். நான் குசினி வாசலில் நின்றேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் உங்கள் இருவருக்கும் சண்டை பிடிக்கக் காரணமே இருந்திராது. சொல்லவில்லை. அப்பாவின் காலைவிட, அந்த நாளில் வாய் திறக்காமல் நின்றதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

உன் துண்டுக் கடதாசியைப் படித்ததும் முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் கை கழுவிவிட்டு வந்து இருந்தார்.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்குக் கடல் ஒண்டும் செய்யேல்லை.”

“என்ன சொல்லுறீர்?”

“கேஜிலை ஊசி நடந்தது. உள்ளை சுண்ணாம்பு. நான் ஊசியைக் கண்டனான். கண்டுகொண்டுதான் கழட்டித் தந்தனான்.”

“கண்டனீரோ?”

“ஓம்.”

“பிறகேன் தந்தனீர்?”

“நீங்கள் அவசரப்படுத்தினீங்கள்” என்று தொடங்கி நிறுத்தினேன். “இல்லை, அது பொய். என்ரை கையிலை பிழை வராது எண்டு நினைச்சன்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “பதினொரு வருசமாக் கடலையெல்லோ ஏசிக்கொண்டு இருக்கிறன்” என்றார். கோப்பையைத் தள்ளி வைத்து, “பெடியனையும்” என்றார். பிறகு ஊன்றுபொல்லை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வெள்ளியும் சனியும் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டார், கோப்பையை வைத்தார். அவருக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருக்கிறது. உனக்கும் இருக்கிறது. என்னோடு கோபி, எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் கோபி. ஆனால் அந்தக் கோபத்தில் கீழே எழுதுவதை வாசிக்காமல் விட்டுவிடாதே.

நீ கேட்ட ஒரு விரலுக்கு நான் வைக்கவில்லை. இரண்டு விரலுக்கு வைத்திருக்கிறேன். நீ தனியே போகும் ஆள் இல்லை இனி. முதன்முறை தண்ணீருக்குள் முகம் வைக்கும் ஒருவர் பயத்தில் உன் கையைப் பிடித்து இழுப்பார், உன் வாய்ப்பகுதி கழன்று போகும், ஓட்டம் அதன் முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் அது சீறக் கூடாது. பாரமாக இருக்கிறது என்று உனக்குத் தோன்றியதற்குப் பாதிக் காரணம் மணலும் தேங்காயெண்ணெயும். இனி அவ்வளவு இருக்காது. அப்படியும் திருகத்தான் வேண்டும் என்றால் நீயே திருகு. அலன் கீயை உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு சுற்றை எட்டாகப் பிரித்து, அதில் ஒன்றுக்கு மேல் ஒரு தடவையில் போகாதே. திருகும்போதெல்லாம் முன்பக்கப் பட்டனை அமத்திப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் பித்தளை விளிம்பு ரப்பர் முகத்தை வட்டமாக அறுத்துவிடும். தலைப்பகுதியின் மூடியைத் துவாயால் துடைத்து, காய்ந்த பிறகே பூட்டு. மூடி பூட்டாமல் தண்ணீருக்குள் வைக்காதே, ஊறும்போது பட்டனை அமத்தாதே. கடைசியாக மழைத் தண்ணீரிலோ காய்ச்சி வடித்த தண்ணீரிலோ அலசு. உன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் சரி, கேத்திலின் அடியைப் பார்த்துவிட்டு முடிவு செய். என் கேஜையும் அனுப்புகிறேன், எனக்குப் புதியது வாங்கிக்கொள்வேன். அதைப் பூட்டி ஐந்து நிமிடம் பார். பத்து விநாடி பார்க்கிறவனுக்கு எல்லா ஊசியும் நிற்கும். யாராவது உன்னை அவசரப்படுத்தினால், ஊசி நடந்தால், சாமானைக் கழற்றி வைத்துவிட்டு அன்றைக்குக் கரையில் இரு. நான் திருத்தியது என்பதற்காக நம்பாதே. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிணற்றடியில் மழைத் தண்ணீர் பிடித்த சீமெந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் உன் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டிக்கொண்டு இருந்தபோது பொல்லின் சத்தம் கேட்டது. அப்பா வந்து தொட்டியின் விளிம்பில் இருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

“உவன்ரை சாமானை இஞ்சை கொண்டாரும்.”

கொடுத்தேன். அவர் கால் போன நாளிலிருந்து ரெகுலேட்டரைத் தொட்டதில்லை, உனக்குத் தெரியும். அதைக் கையில் திருப்பிப் பார்த்தார், கடிக்கும் ரப்பரைக் கழுவினார், வாயில் வைத்தார். பிறகு குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். நான் கேஜைப் பிடித்துக்கொண்டு ஊசியைப் பார்த்தபடி நின்றேன். குமிழிகள் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. அவசரமில்லாத மூச்சு. பத்து நிமிடம் முழுதாக இருந்தார். மூச்சிழுக்க ஊசி ஒருதரம் துடிக்கும், விட்டதும் ஒன்பதரைக்கு வந்து நிற்கும். ஒரு மயிரிழை நடக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் கண்ணைத் துடைத்தால் ஊசி தெரியாது என்று அப்படியே நின்றேன்.

அவர் முகத்தை எடுத்துத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார்.

“ரெண்டு விரலே?”

“ஓம்.”

“பாரமாத்தான் கிடக்கு.”

“குறைக்கவோ?”

“வேண்டாம். உப்பிடியே கிடக்கட்டும்.” பொல்லை ஊன்றி எழும்பினார். இரண்டு அடி நடந்துவிட்டு, திரும்பாமலே சொன்னார். “பாரமெண்டு அவன் ஏசினா, என்னோடை கதைக்கச் சொல்லும்.”

சாமானைத் துடைத்துக் காயவைத்துக் கட்டிவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் வரும். பூட்டிப் பார், ஐந்து நிமிடம் ஊசியைப் பார், பிறகு தண்ணீரில் இறங்கி மூச்சை இழுத்துப் பார். பாரமாக இருந்தால் எனக்கு எழுதாதே. பாரமாக இல்லாவிட்டாலும் பாரம் என்று சொல்லி அப்பாவுக்குப் போனில் ஒரு கோல் எடு. எப்போதும் கதிரையில் கிடக்கும் அவருடைய போன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சட்டைப் பைக்குள் இருக்கிறது.

அம்மா